இறுக்கினால் தீருமா எண்ணெய்க் கசிவு?



இம்மாதம் கார் பாட்டரியைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் கூறியிருந்தேன். அதற்குள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கக் கடிதம். படித்து முடித்ததும், பாட்டரி ஒரு மாதம் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சகோதரியின் கணவர் அயல்நாட்டில் பணிபுரிகிறார். வீட்டில் ஒரு சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமனாரை மாதம் இருமுறை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, உறவினர் வீட்டு நல்லது கெட்டது அனைத்திற்கும் அந்தக் கார்தான். ஓட்டுபவரும் அவரே. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழக்கமான பட்டறை ஒன்றில் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாட்களில், வீட்டு முகப்பில் காருக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை தென்பட்டது. மெக்கானிக்கை அழைத்துக் காட்டினார். "ஒன்றுமில்லை லாத்தா, போல்ட் கொஞ்சம் லூசாக இருந்தது, இறுக்கிவிட்டேன்" என்றார் அவர். கறை நின்றுவிட்டது. சென்ற ஆண்டு ஆயில் மாற்றிய பின் மறுபடியும் கறை, மறுபடியும் இறுக்கம். அம்முறை ஸ்பானரின் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு அவர் இறுக்கியதைத் தாமே பார்த்ததாகச் சகோதரி எழுதுகிறார். இவ்வாண்டு ஆயில் மாற்றுவதற்காகப் போல்டைக் கழற்றியபோது, அதன் மரையோடு வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்ததாம். திரும்பப் பூட்டியபோது போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. "சேம்பரையே மாற்ற வேண்டும் லாத்தா" என்று கூறிவிட்டார் மெக்கானிக்.

"பெண்தானே என்று என்னை ஏமாற்றுகிறார்களா? வெளிநாட்டுப் பணம் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தான் என்று மாமா கோபப்படுகிறார். எது உண்மை என்று எழுதுங்கள்" எனக் கேட்டிருக்கிறார் அவர்.

சகோதரியே, அந்த மெக்கானிக் இவ்வாண்டு கூறியதில் ஏமாற்று ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. போல்டோடு சுருண்டு வந்தது உங்கள் சேம்பரின் மரைதான். ஆனால் அந்த மரை இவ்வாண்டு திடீரென்று போய்விடவில்லை. ஒரு தேநீர் செலவுக்குச் சற்று மேலே போனால் கிடைத்துவிடக்கூடிய ஒரு சிறு வளையத்தை மாற்றாமல் விட்டார்களே, அன்றே அது போகத் தொடங்கிவிட்டது. எப்படி என்பதை விளக்குகிறேன். கார் வைத்திருக்கும் எல்லா வீடுகளுக்கும் இது பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

போல்டும் வளையமும்

எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகள் அதை ஆயில் சம்ப் என்றும் ஆயில் பேன் என்றும் குறிப்பிடும். நம் பட்டறைகளில் அதற்குச் சேம்பர் என்று பெயர். சிறிய கார்களில் ஏறத்தாழ 3 முதல் 4 லிட்டர் ஆயில் அதில் தங்கியிருக்கும். அங்கிருந்துதான் பம்ப் அதை உறிஞ்சி எஞ்சின் முழுவதும் அனுப்புகிறது. பழைய ஆயிலை வடித்தெடுப்பதற்காகத் தொட்டியின் அடியில் ஒரு துவாரமும், அதை மூட ஒரு போல்டும் வைத்திருக்கிறார்கள். ஹோண்டா, சுசுகி, ஹூண்டாய் நிறுவனங்களின் பல கார்களில் இந்தப் போல்ட் 14 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. டொயோட்டாவின் பல கார்களில் 12 மில்லிமீட்டர். போல்டின் தலைக்கும் தொட்டியின் முகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அதுதான் வாஷர்.

போல்டின் மரைதான் ஆயிலைத் தடுத்து நிறுத்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஒரு மரை மற்றொரு மரைக்குள் சுழன்று ஏற வேண்டுமானால் இரண்டுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே தீரவேண்டும். அந்த இடைவெளி சுருள் படிக்கட்டைப் போலப் போல்டைச் சுற்றிக் கீழே இறங்கி வருகிறது. ஆயில் அந்தப் படிக்கட்டில் இறங்கி வாஷர் வரைக்கும் வந்து நிற்கிறது. அதைத் தடுக்கும் காவல் வாஷர் ஒன்றே.

அந்தக் காவல் எப்படி நடக்கிறது? நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரியாணிக்குத் தம் போடும்போது தேக்சாவின் விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டி, அதன்மேல் மூடியை வைத்து அழுத்துகிறோம். தேக்சாவின் விளிம்பு நெளிந்திருக்கலாம், மூடி கோணியிருக்கலாம். மாவு இளகியதாகையால் அந்த மேடு பள்ளங்களுக்கெல்லாம் ஏற்பத் தானே வடிவெடுத்து ஆவியை அடைத்துவிடுகிறது. வாஷரும் அப்படித்தான். போல்டின் தலையும் சேம்பரின் முகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றில் நுண்ணிய கீறல்களும் கடைசல் வரிகளும் ஏராளம். செம்பு அல்லது அலுமினியத்தால் ஆன அந்த வளையம் நசுங்கி, அந்த வரிகளுக்குள் புகுந்து வழியை அடைக்கிறது.

தம் உடைத்த பிறகு அந்தக் காய்ந்த மாவை எடுத்து மறு தேக்சாவுக்கு யாராவது ஒட்டுவார்களா? ஒட்டினாலும் ஒட்டாது. மூடியின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாலும் ஆவி வெளியேறத்தான் செய்யும். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. உலோகம் நசுங்கும்போது கடினப்பட்டுவிடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் விறைத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு அதன்மேல் பழைய இருக்கையின் தடமும் பதிந்துவிடுகிறது. கழற்றிப் பூட்டும்போது அதே தடம் அதே இடத்தில் வந்து உட்காருவதில்லை.

வாஷர்களில் பல வகை உண்டு. தட்டையான செம்பு, தட்டையான அலுமினியம், உள்ளே கூடாக மடித்துச் செய்யப்பட்டு இறுக்கும்போது நன்றாக நசுங்குபவை, உலோக வளையத்தின் உட்புறத்தில் ரப்பர் உதடு ஒட்டியவை எனக் கார்களுக்குத் தக்கபடி மாறும். சில ஜெர்மானியக் கார்களில் வாஷர் போல்டோடு பிரிக்க முடியாதபடி கோக்கப்பட்டிருக்கும். அங்கே போல்டையே மாற்ற வேண்டும். அண்மைக் காலத்தில் சில கார்களுக்குச் சேம்பரும் அடைப்பானும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அந்த அடைப்பானும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடவேண்டியதே.

பழைய பட்டறைக்காரர்கள் செம்பு வாஷரை அடுப்பில் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு மீண்டும் பயன்படுத்துவார்கள். அது மூடப்பழக்கமன்று. இரும்பைப்போலச் செம்பு நீரில் தோய்த்தால் கடினப்படாது. காய்ச்சிய செம்பு மறுபடியும் இளகிவிடும். உதிரிபாகம் கிடைக்காத காலத்துச் சாமர்த்தியம் அது. ஆனால் அலுமினிய வாஷரை அப்படிக் காய்ச்சப் போகாதீர்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். சிவக்கும் வரை காத்திருந்தால் சட்டியில் ஒரு சொட்டு உலோகம்தான் மிஞ்சும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய வாஷரையே இரண்டு மூன்று முறை போட்டும் ஒரு துளிகூட ஒழுகாத கார்கள் உண்டு. உங்கள் மெக்கானிக் "நான் நூறு காருக்குப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று கூறினால் அவர் பொய் சொல்லவில்லை. நூறில் ஒழுகிய சிலவற்றை அவர் இறுக்கி நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான். தீங்கு அங்கேதான் பிறக்கிறது.

இறுக்கம் எவ்வளவு?

சேம்பரின் அடியில் நிற்கும் ஆயிலுக்குப் பெரிய அழுத்தம் ஏதும் இல்லை. பம்ப் தரும் அழுத்தம் எஞ்சினுக்குள் போகும் குழாய் வழிகளில்தான். போல்டின்மேல் இருப்பது ஒரு சாண் ஆழம்கூட இல்லாத ஆயிலின் எடை. அதைத் தடுக்க மல்யுத்த பலம் எதற்கு? வாஷர் நசுங்கும் அளவுக்கும், எஞ்சினின் அதிர்வில் போல்ட் தானாகக் கழன்றுவிடாத அளவுக்கும் இறுக்கினால் போதுமானது.

எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர்களே கையேட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். ஹோண்டாவின் பல கார்களுக்கு அது 39 நியூட்டன் மீட்டர். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கும் அதையொட்டியே இருக்கும். உங்கள் காருக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு வழி கூறுகிறேன். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரைப் படுக்கைவசமாகப் பிடித்து, அதன் முனையில் 16 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இறுகுமோ, அவ்வளவே 39 நியூட்டன் மீட்டர். ஒரு தண்ணீர்க் குடத்தின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சகோதரி கண்ட காட்சிக்கு வருவோம். ஸ்பானரின் முனையில் குழாயைச் செருகி அதை முக்கால் மீட்டர் நீளமாக்கி, 30 கிலோ பலத்தோடு ஒருவர் தள்ளினால் கிடைப்பது ஏறத்தாழ 220 நியூட்டன் மீட்டர். வேண்டியதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்! போல்ட் எஃகு, சேம்பர் பெரும்பாலும் அலுமினியம். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் போட்டி வைத்தால் எது தோற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. முதல் முறை மரை சற்று நீண்டு பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாது, போல்ட் இறுகியது போலவே இருக்கும். மறுமுறை இன்னும் கொஞ்சம். பிறகு ஒருநாள் போல்டைக் கழற்றும்போது மரை மொத்தமும் சுருளாக உரிந்து கையோடு வந்துவிடுகிறது. சகோதரியின் காருக்கு நேர்ந்தது இதுதான்.

கறை எங்கிருந்து வருகிறது?

ஸ்பானரை எடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பலரும் இதைச் செய்வதில்லை. எஞ்சினின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று இந்தப் போல்டின் தலை. மேலே எந்த மூடியில் கசிந்தாலும், ஆயில் ஃபில்டரின் ரப்பரில் கசிந்தாலும், அது எஞ்சினின் உடலோடு வழிந்து வந்து கடைசியில் போல்டின் தலையிலிருந்தே சொட்டும். மழைநீர் கூரையின் ஏதோ ஓர் ஓட்டில் நுழைந்து, உத்தரத்தின் வழியே ஓடி, வீட்டின் நடுவே சொட்டுவதைப்போல. ஆகவே சேம்பரையும் சுற்றுப்புறத்தையும் துணியால் நன்கு துடைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்திய பிறகு டார்ச் விளக்கால் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் போல்டைச் சுற்றி மட்டும் இருந்தால் வாஷர். அதற்கு மேலேயும் ஈரம் இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. ஏர்கண்டிஷன் ஓடும்போது முன்பக்கம் சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்சவேண்டாம். அது வெறும் தண்ணீர்.

ஒரு துளிதானே என்று விட்டுவிடலாமா? கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு ஒரு துளி சொட்டினால் ஒரு நாளைக்கு 1440 துளிகள். 20 அல்லது 30 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 48 முதல் 72 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்! மொத்தமே 3, 4 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

டாஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி வடிவில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது எச்சரிக்காதா என்று கேட்பீர்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை; அளவை அன்று. ஆயில் குறைந்துகொண்டே வந்து, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கி, அழுத்தம் வீழ்ந்த பிறகே அது எரியும். ஓடும்போது அது எரிந்தால் "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அந்த நிலை வராமல் காப்பது டிப் ஸ்டிக் ஒன்றுதான். சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு இடையே ஆயில் நிற்கவேண்டும். பல கார்களில் மேல்குறிக்கும் கீழ்குறிக்கும் உள்ள வேறுபாடு ஒரு லிட்டர் அளவே. இதைச் செய்ய மெக்கானிக் தேவையில்லை. வீட்டிலுள்ள பெண்களே செய்யலாம். மாதம் இருமுறை மதுரைக்குப் போய்வரும் கார் என்றால், புறப்படும் முன் இதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

நானே செய்த பிழை

பிறரைக் குறைகூறிக்கொண்டே போகிறேனே, என் கதையையும் கூறிவிடுகிறேன். புதிதாக ஸ்பானர் பிடிக்கக் கற்ற காலத்தில், மைத்துனர் குடும்பத்தை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குப் போவதற்கு முந்தைய நாள், என் காருக்கு நானே ஆயில் மாற்றினேன். புத்தகத்தில் படித்தபடி புது வாஷரும் வாங்கி வைத்திருந்தேன். போல்டைக் கழற்றினேன், ஆயில் வடிந்தது, புது வாஷரைப் போட்டு இறுக்கினேன். அதிகாலையில் வந்து பார்த்தால் தரையில் ஒரு தாம்பூலத் தட்டு அளவுக்கு ஆயில். புது வாஷர் போட்டும் ஏன் ஒழுகுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் இறுக்கினேன், நிற்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு முதிய மெக்கானிக்கை எழுப்பி அழைத்து வந்தேன். அவர் ஒரு வாளியை அடியில் வைத்துப் போல்டைக் கழற்றினார். துவாரத்தின் முகத்தை நகத்தால் சுரண்டினார். இன்னொரு வாஷர் கழன்று அவர் கையில் விழுந்தது. பழைய வாஷர் சேம்பரோடு ஒட்டிக்கொண்டு, அழுக்கோடு அழுக்காக அதன் ஒரு பகுதியைப்போலவே இருந்திருக்கிறது. அதன்மேல் நான் புதியதைப் போட்டுப் பூட்டியிருக்கிறேன். "தம்பி, போட்டதை எண்ணினீர்கள், எடுத்ததை எண்ணவில்லை" என்றார் அவர். மைத்துனர் குடும்பம் அன்று விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தது. இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆகவே பட்டறையில் நிற்கும்போது நீங்கள் கேட்க வேண்டியது, "புது வாஷர் போட்டீர்களா?" என்பது மட்டுமன்று. "பழைய வாஷரைக் காட்டுங்கள்" என்றும் கேளுங்கள். கழற்றிய வாஷர் கையில் இருந்தால் இரண்டு ஐயங்கள் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும். நல்ல தொழிலாளி எவரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். அவரிடம் உங்கள் காருக்குரிய வாஷர் இல்லையென்றால், ஆயில் வாங்கும் கடையிலேயே காரின் மாடலையும் ஆண்டையும் கூறி முன்கூட்டியே இரண்டு மூன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒரு வாஷரைத் தேடி எடுத்துப் போடவிட வேண்டாம். உள்துளை பெரிதாக இருந்தால் அது ஒருபக்கம் ஒதுங்கி உட்கார்ந்துவிடும்.

மற்றவை மெக்கானிக் அறிந்தவையே: எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது, இரு முகங்களையும் துணியால் துடைப்பது, போல்டை முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றுவது. விரலால் ஏறாத போல்டை ஸ்பானரால் ஏற்றுவது மரையைக் கோணலாக வெட்டிவிடும். வீட்டில் தாமே செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காருடன் வரும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகள் இல்லையென்றால் பள்ளம் உள்ள பட்டறைக்கே கொண்டு போய்விடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ கொல்லைப்புறத்திலோ ஊற்றவும் கூடாது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

டெஃப்லான் டேப் சுற்றினால் நிற்கும், பசை தடவினால் நிற்கும் என்று யோசனை கூறுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே அந்த டேப்பின் நாரும் பசையின் துணுக்கும் ஆயிலோடு கலந்து, பம்பின் வாயிலுள்ள சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும்.

இனிச் செய்ய வேண்டியது

சகோதரியே, இப்போது உங்கள் காருக்கு வருகிறேன். முதலாவதாக, பிடிக்காத போல்டோடு அந்தக் காரை ஓட்டாதீர்கள். பள்ளிக்கூடம் வரைக்கும்கூட வேண்டாம். வழியில் போல்ட் விழுந்துவிட்டால் ஓரிரு நிமிடங்களில் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். பிறகு போவது சேம்பர் அன்று, எஞ்சின்.

சேம்பரை மாற்றித்தான் ஆகவேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பெரும்பாலும் வேறு வழி இருக்கிறது. பழுதுபட்ட மரையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்குள் எஃகாலான புது மரையைப் பதிக்கலாம். சுருள் கம்பி வடிவில் ஹெலிகாயில் என்ற பெயரிலும், முழு உறை வடிவிலும் இவை கிடைக்கின்றன. அனுபவமுள்ள லேத் பட்டறைக்காரர் செய்தால், அலுமினியத்தில் இருந்த பழைய மரையைவிட இது உறுதியாகவே இருக்கும். அதே அளவுப் போல்டையும் வாஷரையும் தொடர்ந்து பயன்படுத்தலாம். சேம்பரைக் கழற்றி வைத்துச் செய்வதே சிறப்பு. கடையும்போது விழும் துகள்கள் எஞ்சினுக்குள் போகாது. துவாரத்தைச் சுற்றிச் சேம்பரில் வெடிப்பு இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. அப்போது புதுச் சேம்பர்தான்.

இன்னொரு வழியும் கூறுவார்கள். ஓர் அளவு பெரிய போல்டை, அதுவே மரை வெட்டிக்கொண்டு போகும்படி முறுக்கி ஏற்றிவிடுவது. செலவு மிகக் குறைவு. நடுவழியில் சிக்கிக்கொண்டால் இதைச் செய்துகொண்டு ஊர் வந்து சேரலாம். ஆனால் அது நேராக ஏறாமல் போனால் போல்டின் தலை ஒருபக்கமே உட்காரும். எத்தனை புது வாஷர் போட்டாலும் ஒழுகும். உங்கள் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

செலவை யார் ஏற்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் மாமாவின் கோபத்துக்காக ஒரு வார்த்தை. அந்த மெக்கானிக் வஞ்சகம் செய்யவில்லை என்றே தோன்றுகிறது, கற்றுக்கொண்டதைச் செய்திருக்கிறார். எனினும் குழாய் செருகி இறுக்கியது அவர் கை. இந்த இதழை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புது மரை பதிக்கும் செலவில் பாதியை அவர் ஏற்பது முறை என்று மாமா அமைதியாகக் கூறினால், பழக்கமுள்ள ஊர்ப்பிள்ளை மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். வேலை முடிந்து வந்த அன்று இரவு காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்து கிடந்தால் மதுரைக்குப் புறப்படலாம்.

பாட்டரியைப் பற்றி அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.